துறை அறிந்து இறங்குக!

(அனுமந்தன்பட்டியில், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்.)

 

இக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்க்கு ஆற்றைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை. முல்லைப் பெரியாற்றில் இறங்க விரும்புகின்றவன் கண்ட இடத்தில் காலை வைப்பதில்லை. எங்கே கரை சரிவாக உள்ளது, எங்கே சுழல் உள்ளது, எங்கே மணல் உறுதியாக உள்ளது என்று பார்க்கின்றான், அறிந்தவரைக் கேட்கின்றான், பிறகே இறங்குகின்றான். அவ்வாறு இறங்கத் தக்க இடத்திற்குத் தமிழன் வைத்த பெயர் துறை. குளிக்கும் துறை படித்துறை. ஓடம் நிற்கும் துறை ஓடத்துறை. கலம் நிற்கும் துறை துறைமுகம். அதே சொல்லையே அறிவுக்கும் தொழிலுக்கும் நம் முன்னோர் ஆண்டனர். மருத்துவத் துறை, பொறியியல் துறை, வேளாண் துறை என்று இன்றும் நாம் வழங்குகின்றோம். அறிவு ஓர் ஆறு. அதில் இறங்குவதற்குப் பல துறைகள் உண்டு. ஒவ்வொருவனும் தனக்கேற்ற துறையை அறிந்து இறங்கவேண்டும் என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்துள்ளது.

இப்பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் நிற்பது வேறொரு சொல். அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று அடுக்கலாம். பட்டி என்பது சிற்றூரைக் குறிக்கும். ஆடுமாடுகளை அடைக்கும் தொழுவத்தையும் குறிக்கும். மாலையானதும் மந்தையைப் பட்டிக்குள் ஓட்டுகின்ற ஆயன், ஒவ்வோர் ஆட்டையும் நிறுத்தி, "உனக்கு எங்கே போக விருப்பம்?" என்று கேட்பதில்லை. முன்னே போகும் ஆட்டின் பின்னே எல்லா ஆடுகளும் போகும்.

நம் பிள்ளைகளை நாம் துறைக்கு அழைத்துச் செல்கின்றோமா, பட்டிக்குள் ஓட்டுகின்றோமா? இக் கேள்வியை முன்வைத்தே இன்றைய பொழிவு அமைகின்றது.

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த மறுநாள் ஒரு வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பையனுக்கு அகவை பதினைந்து. தந்தை காலையில் ஏலத்தோட்டத்திற்கு மலையேறிப் போய் மாலையில் திரும்புகின்றவர். தாய் கொடிமுந்திரித் தோட்டத்தில் கூலி வேலை செய்கின்றவர். வீட்டில் இதுவரை எவரும் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. "எந்தப் பிரிவு எடுக்கப் போகின்றாய்?" என்று மாமன் கேட்கின்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியவில்லை மாமா" என்கின்றான். உடனே சுற்றியிருப்போர் எல்லாரும் அவனுக்காக முடிவு செய்யத் தொடங்குகின்றனர். ஒருவர் 'டாக்டர்' என்கின்றார். ஒருவர் 'இஞ்சினியர்' என்கின்றார். ஒருவர் 'கம்ப்யூட்டர்' என்கின்றார். மற்றொருவர், "எதைப் படித்தாலும் சரி, கவர்ன்மெண்டு வேலைக்குப் போ" என்கின்றார். நான்கு பெயர்கள்! நான்கும் அயன்மொழிப் பெயர்கள்! ஆயிரம் துறைகள் உள்ள ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, நான்கே பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

"தெரியவில்லை" என்று சொன்ன அப்பையன் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அக்கூட்டத்தில் உண்மை பேசியவன் அவன் ஒருவனே. பல வீடுகளில் இதே விடைதான் கிடைக்கும். ஆனால் பிள்ளைகள் அதைச் சொல்ல அஞ்சி, அப்பா சொன்னதையோ நண்பன் சேர்ந்ததையோ தம் விருப்பம்போலச் சொல்லிவிடுகின்றனர். தெளியாமை இழிவன்று. தெளியாமலே தெளிந்ததுபோல் நடித்து, ஈராண்டு கழித்து, "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று உள்ளுக்குள் அழுவதே இழப்பு.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்பு தமிழகத்தில் பதினோராண்டுப் பள்ளிக் கல்விக்குப் பின் கல்லூரியில் புகுமுக வகுப்பு இருந்தது. 1978 இல் மேனிலைப் பள்ளிக் கல்வி வந்தபின், பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பத்தாம் வகுப்பு முடித்த சிறுவர்மேல் வந்து விழுந்தது. உயிரியலை விட்டவன் மருத்துவத்தை விட்டான். கணக்கை விட்டவன் பொறியியலை விட்டான். வாழ்க்கையின் பாதிக் கதவுகளைப் பதினைந்தாம் அகவையில் தானே சாத்திக்கொள்ளுமாறு ஒரு சிறுவனை நிறுத்திவிட்டு, "ஏன் தயங்குகின்றாய்?" என்று கேட்பது முறையாகுமா?

இனி, இத்தயக்கத்தின் வேரைத் தோண்டிப் பார்ப்போம். பெரியவர் பலர், "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இலக்கு இல்லை, உழைப்பு இல்லை, கைப்பேசியே கதி" என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவர். அது முழு உண்மையன்று. வேர் வேறிடத்தில் உள்ளது.

ஒரு பொருள் தனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று ஒருவன் எப்போது அறிய முடியும்? அப்பொருள் அவனுக்கு விளங்கிய பின்னரே அறிய முடியும். சுவைத்துப் பாராதவன் இனிப்பு, புளிப்பு சொல்ல இயலாது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலவழி வகுப்புகளில் இயற்பியலையும் வேதியியலையும் எவ்வாறு படிக்கின்றனர்? ஒரு வரையறையை எடுத்து, பொருள் தெரியாமல், எழுத்துக் கூட்டி, பத்து முறை சொல்லி, நெட்டுருப் போட்டு, தேர்வில் கொட்டிவிட்டு, மறுநாள் மறக்கின்றனர். அப்பிள்ளையிடம் போய், "உனக்கு இயற்பியல் பிடிக்குமா?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அவன் இயற்பியலைச் சந்திக்கவே இல்லை! அவன் சந்தித்தது ஆங்கிலத்தை. அதுவும் அரைகுறை ஆங்கிலத்தை. மொழி விளங்காத வருத்தத்தைப் பாடத்தின்மேல் ஏற்றி, "எனக்குக் கணக்கு வராது, அறிவியல் வராது" என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்கின்றான். பாடம் அவனை ஒதுக்கவில்லை. இடையில் தொங்கவிடப்பெற்ற திரை அவனை ஒதுக்கியது.

இதுவே தொழில் தெளிவின்மையின் தலையாய கரணியம். எந்தத் துறை தனக்கு உரியது என்பதை அறியும் கருவி தாய்மொழி. அக்கருவியைப் பிடுங்கிவிட்டு, "உன் துறையை நீயே கண்டுபிடி" என்று சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்பது போன்றது.

தமிழில் உயர்ந்த அறிவியலைக் கற்க முடியுமா என்று இன்னும் ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் என்பார் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்து மருத்துவப் பணி செய்தார். மருத்துவம் கற்க வந்த தமிழ் இளைஞர்க்கு முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பின்னர், தாய்மொழியில் கற்றவனே தன் மக்களிடையே மருத்துவனாக நிலைப்பான் என்று தெளிந்து, தாமே தமிழ் கற்று, தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் எழுந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த ஓர் அயலவர்க்குத் தோன்றிய தெளிவு, தமிழ் மண்ணிற் பிறந்து தமிழ்ச்சோறு உண்ணும் நமக்குத் தோன்றவில்லையே!

மொழியைப் புறக்கணித்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதற்கு அண்மை வரலாறும் சான்று. 2018 இல் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வாகிய 'நீட்' தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழைபட்டிருந்ததாக வழக்கு எழுந்தது. வினா ஒன்றுக்கு 4 மதிப்பெண் என 196 மதிப்பெண் வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு சூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தமிழில் எழுதிய பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. வினாவை மொழிபெயர்த்தவர் செய்த பிழையின் சுமை அப்பிள்ளையின் தோளில் இறங்கியது. தமிழ்வழி மாணவன் தயங்குகின்றான் என்றால், அத்தயக்கத்தின் ஒரு பகுதியை இத்தகைய நிகழ்ச்சிகளே ஊட்டின என்பதை மறத்தல் கூடாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "ஐயா, கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கின்றன? தமிழில் படித்துவிட்டு அங்கே போய் விழிக்க வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்பர். நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை கூறவேண்டும். ஆம், தமிழ்வழியில் படித்தவர்க்குக் கல்லூரியின் முதல் ஆண்டு கடினமாகவே உள்ளது. அதை மறைப்பது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். ஆனால் அதற்கு மருந்து, பாடம் முழுவதையும் ஆங்கிலத்தில் மூழ்கடிப்பதன்று. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, ஆறாம் வகுப்பிலிருந்தே, இலக்கணத்தோடும் பேச்சோடும் செம்மையாகக் கற்பிப்பதே ஆகும். பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டவன், ஆங்கிலச் சொற்களைச் சில திங்களில் பற்றிக்கொள்வான். பாடமே விளங்காதவனுக்கு ஆங்கிலம் வந்தும் பயனில்லை. ஆங்கிலம் பலகணியாக இருக்கட்டும், சுவராக வேண்டா. ஆங்கிலமும் வடமொழியும் துறைபோகக் கற்ற மறைமலையடிகளே 1916 இல் தனித்தமிழ் இயக்கம் கண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரி, பிள்ளைகளுக்கு நாம் செய்யவேண்டியது என்ன? வீட்டிலும் பள்ளியிலும் காசின்றிச் செய்யத்தக்க சில செயல்களைக் காண்போம்.

முதலாவது, கேள்வியை மாற்றுங்கள். "நீ என்ன ஆகப் போகின்றாய்?" என்ற கேள்வி பெரியவர்க்கே விடை தெரியாத கேள்வி. அதற்கு மாறாக, "எந்த வேலையை எவரும் சொல்லாமல் நீயே செய்கின்றாய்? எந்தப் பாடத்தை நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்தாய்? எதைச் செய்யும்போது பொழுது போனதே தெரியவில்லை?" என்று கேளுங்கள். மிதிவண்டியைக் கழற்றிப் பூட்டுகின்றவன், கணக்கேட்டைப் பிழையின்றி எழுதுகின்றவள், நோயுற்ற ஆட்டின் அருகில் இரவெல்லாம் இருக்கின்றவன், சண்டையிடும் சிறுவர்க்கு நடுவராக நின்று வழக்குத் தீர்க்கின்றவள் என இவர்கள் எல்லாரும் தத்தம் துறையின் கரையில் தாமறியாமலே நின்றுகொண்டிருக்கின்றனர்.

இரண்டாவது, ஓர் எளிய தேர்வு வையுங்கள். பிள்ளை படித்த பாடங்களுள் ஒன்றை எடுத்து, வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஓர் அயற்சொல்லும் கலவாமல் விளக்கவேண்டும். இலை எவ்வாறு உணவு ஆக்குகின்றது? மின்னோட்டம் என்பது யாது? வட்டி எவ்வாறு ஏறுகின்றது? ஒரு நாட்டின் எல்லை எவ்வாறு வகுக்கப்பெற்றது? விளக்கத் தொடங்கியதும் சில பாடங்களில் நா தடைப்படும். அப்பாடம் இன்னும் விளங்கவில்லை என்று பொருள். வெறுப்பு என்று பொருளன்று. சில பாடங்களில் சொல் ஊற்றெடுக்கும். கிழவி குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்கப் பிள்ளையின் முகம் மலரும். அங்கேதான் துறை இருக்கின்றது! திங்களுக்கு ஒரு பாடம் என ஓராண்டு இதைச் செய்து பாருங்கள். எந்த விலையுயர்ந்த ஆய்வும் காட்டாத உண்மையை உங்கள் வீட்டுத் திண்ணை காட்டும்.

மூன்றாவது, தொழில்களைக் கண்ணால் காட்டுங்கள். கேட்டறிதல் வேறு, கண்டறிதல் வேறு. இப்பள்ளத்தாக்கே ஒரு பெரும் பள்ளிக்கூடம். 1895 இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கி, மின்னாக்கி, பின்னர் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குப் பாய்கின்றது. அந்நீரின் வழியே நடந்து சென்றால், கட்டடப் பொறியியலும் மின்பொறியியலும் நிலநூலும் நீர்ப்பங்கீட்டுச் சட்டமும் உழவும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வரும். பன்னீர்த் திராட்சை என்று வழங்கும் நம் கொடிமுந்திரிக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாள்தோறும் அக்கொடியைப் பார்க்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர், அருகேயுள்ள ஆனைமலையன்பட்டியில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை அறிவர்? அங்கே கொடியை ஆராய்பவரும் அறிவியலாரே என்று எவரேனும் அவர்களுக்குச் சொன்னதுண்டா?

பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி உள்ளது. தேனியில் அரசு மருத்துவக் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. உத்தமபாளையத்தில் 1956 முதல் கலைக்கல்லூரி உள்ளது. நம் பிள்ளைகள் இவற்றின் வாயிலைப் பேருந்தின் பலகணி வழியே மட்டும் பார்க்கின்றனர். பள்ளி ஆண்டுக்கு இருமுறை இன்பச் செலவு போகின்றது. அவற்றுள் ஒன்று இக்கல்லூரிகளுக்கும் நிலையங்களுக்கும் ஆகட்டும். அங்கே படிக்கும் நம் ஊர் மாணவர் ஒருவர், தமிழில், ஒரு மணிநேரம் பேசட்டும். அந்த ஒரு மணிநேரம் பத்து விளம்பரத் தாள்களினும் மேலானது.

நான்காவது, பெயர்களைப் பெருக்குங்கள். நான்கு பெயர் தெரிந்தவன் நான்கினுள் ஒன்றையே தேர்வான். நாற்பது தெரிந்தவன் நாற்பதினுள் தேர்வான். ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் தொழில்களின் பெயர்களைத் தமிழில் எழுதி வையுங்கள்: செவிலியர், மருந்தாளுநர், இயன்மருத்துவர், கால்நடை மருத்துவர், நிலவியலார், நில அளவர், கணக்காய்வர், வழக்கறிஞர், நூலகர், தொல்பொருள் ஆய்வாளர், கல்வெட்டாய்வாளர், மொழிபெயர்ப்பாளர், மண்ணியலார், பட்டுப்புழு வளர்ப்பவர், உணவுப் பதப்படுத்துநர், மின்கம்மியர், பற்றவைப்பவர். பெயரைத் தமிழில் சொன்னவுடனே தொழில் புரிகின்றது பாருங்கள்! 'பிசியோதெரபிச்டு' என்றால் மருண்டு நிற்கும் தாய், 'இயன்மருத்துவர். கைகால் முடங்கியவர்க்குப் பயிற்சியால் இயக்கம் தருபவர்' என்றால் தலையசைக்கின்றாள். தனித்தமிழ் வீண் அழகுக்காக அன்று. ஏழையின் பிள்ளைக்குக் கதவு திறப்பதற்காக!

ஐந்தாவது, எல்லாக் கதவும் ஒரே நாளில் அடைபடுவதில்லை என்று உணர்த்துங்கள். மேனிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. பல்தொழில்நுட்பப் பயிலகத்தில் மூன்றாண்டுப் பட்டயம் உண்டு. அப்பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவ்வழியை இழிவாகப் பேசுவதை விட்டொழியுங்கள். கையால் வேலை செய்கின்றவனைத் தாழ்த்தும் எண்ணம் தமிழனுடையதன்று. குலத்தொழில் கற்பித்து மக்களைக் கூறுபோட்ட கொள்கையிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அது. தந்தையின் தொழிலே மகனுக்கு என்பதும் பொய். கைத்தொழில் எல்லாம் இழிவு என்பதும் பொய்.

ஆறாவது, காசைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள். பல பிள்ளைகளின் "தெரியவில்லை" என்னும் விடைக்குள், "வீட்டில் காசு இல்லை என்று தெரியும், எப்படிக் கேட்பேன்?" என்னும் அழுகை ஒளிந்துள்ளது. உரிமைகளை அறிந்து சொல்லுங்கள். அரசு பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020 இல் சட்டமாக்கப்பெற்றது; 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலியவற்றுக்கும் அது விரிந்தது. தமிழ்வழியில் படித்தவர்க்கு மாநில அரசுப் பணி அமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. 2020 இல் வந்த திருத்தம், பட்டம் மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் இருக்கவேண்டும் என்றது. ஆங்கிலவழிக்கு ஓடிய பெற்றோர் பலர் இதை அறியாமலே பிள்ளையின் உரிமையை இழந்துள்ளனர். 2022 மார்ச்சு முதல்நாள் 'நான் முதல்வன்' திட்டம் வழிகாட்டுதலையும் திறன்பயிற்சியையும் நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. அரசு பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகளுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகத்திலும் தொடங்கின. ஒவ்வோர் ஆண்டின் நெறிமுறையையும் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து, திண்ணைதோறும் சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பல வீடுகளில் பெண்ணிடம் இக்கேள்வி கேட்கப்பெறுவதே இல்லை. அவள் தயங்குவதற்குக்கூட இடமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியுமுன்னே மணப்பேச்சு தொடங்கிவிடுகின்றது. 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து, 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அன்று அவர்தம் வீட்டார், "பெண்ணுக்குத் துறை எதற்கு?" என்று கதவைச் சாத்தியிருந்தால் தமிழ்நாடு எவ்வளவு இழந்திருக்கும்!

பதினேழாம் அகவையில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. கணக்கு மேதை இராமானுசன் கணக்கைத் தவிர்த்த பாடங்களில் தோற்றுக் கும்பகோணத்துக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னையிலும் தேர்வில் தோற்றார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1914 இல் கேம்பிரிட்சு சென்றார். உ.வே. சாமிநாதர் இசைவாணரின் மகன். தந்தையின் இசைவழியில் செல்லாமல் தமிழைத் தேர்ந்து பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் கற்றார். ஆயினும் தம் உண்மைப் பணியாகிய ஏட்டுச்சுவடிப் பதிப்பின் வாயிலை அவர் கண்டது 1880 இல், இருபத்தைந்தாம் அகவையில், சேலம் இராமசாமியாரைச் சந்தித்தபோதுதான். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனார் அரசின் கணக்குத் துறையிலும் நடுவர் பதவியிலும் இருந்து வாழ்ந்தவர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியது அவர்தம் உள்ளத்தின் பணி. வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்திற்கு ஒரு பணியும் உடன் வாழலாம் என்பதற்கு அவர் சான்று. அஞ்சல் துறையில் பணியாற்றிய பெருஞ்சித்திரனார் 1959 இல் தென்மொழி இதழைத் தொடங்கியதும் அவ்வழியதே. பள்ளி ஆசிரியராகப் பல ஊர்களில் அலைந்த மொழிஞாயிறு பாவாணர்க்குச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் பொறுப்புக் கிடைத்தது 1974 இல். அப்போது அவருக்கு அகவை எழுபத்திரண்டு! ஆகவே, பிள்ளைகளே, இன்று நீங்கள் எடுப்பது முதல் அடி மட்டுமே. அது தவறினால் கரையேறி வேறு துறையில் இறங்கலாம்.

இறுதியாக ஒரு துயரத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதாவுக்குத் தயக்கம் இல்லை. மருத்துவமே தன் துறை என்று தெளிந்தவர். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200 க்கு 1176 பெற்றவர். 2017 இல் வாயில் அடைபட்டது. உச்சநீதிமன்றம் வரை சென்றார். செப்டம்பர் முதல்நாள் அவரை இழந்தோம். முறையற்ற வாயில்களை உடைப்பது இயக்கத்தின் கடமை, அப்போராட்டம் தொடரவேண்டும். ஆனால் மாணவச் செல்வங்களே, போராட நீங்கள் உயிரோடு இருக்கவேண்டும்! உயிரினும் பெரிய தேர்வு உலகில் இல்லை. ஒரு துறை அடைபட்டால் ஆறு வற்றிவிடாது. உள்ளம் சோர்ந்தால் தாயிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், நண்பனிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு போடுங்கள். பேச்செல்லாம் பிறகு பேசலாம்.

தமிழுணர்வாளர்களே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. தமிழ்வழியில் படித்த ஒரு பிள்ளை வழி தெரியாமல் தோட்டக்கூலிக்கு மலையேறும்போது, அம்முழக்கம் அவன் காதில் எவ்வாறு ஒலிக்கும்? அவன் தன் தம்பியைத் தமிழ்வழியில் சேர்ப்பானா? ஒவ்வொரு தமிழ்வழி மாணவனின் வாழ்வும் தமிழின் வாழ்வோடு பிணைந்துள்ளது. ஆகவே, உங்களுள் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் உடனிருங்கள். அவன் பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கல்லூரிக்கோ ஒரு பட்டறைக்கோ ஓர் ஆராய்ச்சி நிலையத்திற்கோ கைபிடித்து அழைத்துப் போங்கள். விண்ணப்பம் எழுத உதவுங்கள். முடிவை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள். கரைவரை உடன்வருவது நம் கடமை. இறங்குவது அவன் உரிமை.

மந்தையைப் பட்டியில் அடைக்கும் வேலை நமக்கு வேண்டா. பிள்ளைகளைத் துறை காட்டி வளர்ப்போம். தாய்மொழியால் தெளிவோம்! துறை அறிந்து இறங்குவோம்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழிளைஞர்!